முப்பத்திரண்டு மாதங்கள்

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் பாடம் நடத்துகிறவர்கள் ஓரிடத்தைச் சற்று வேகமாகக் கடந்து போவது வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து போயிருக்கிறோம். செங்குட்டுவன் வடதிசை சென்று கனகனையும் விசயனையும் வென்ற போர் பதினெட்டு நாழிகையில் முடிந்துவிடுகிறது. தேவாசுரப் போர் பதினெட்டு ஆண்டு, இராமனின் போர் பதினெட்டு மாதம், பாரதப் போர் பதினெட்டு நாள், சேரனின் போரோ பதினெட்டு நாழிகை என்று இளங்கோவடிகள் படிப்படியாக இறங்கி வருவது மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் ஏழேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு, கங்கையின் தென்கரைப் பாடிவீட்டில் அந்திப் பிறையைப் பார்த்து நிற்கும் மன்னனிடம் கணி ஒருவன் வந்து, வஞ்சியை விட்டுப் புறப்பட்டு எட்டு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன என்று நினைவூட்டுகிறான். அதாவது முப்பத்திரண்டு மாதங்கள்.

சென்ற பருவத்தில் இவ்விடம் வந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ஏழு மணி நேரத்துல ஜெயிச்சவரு மிச்ச நாளெல்லாம் அங்க என்ன பண்ணினாரு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பயண நாட்கள், கண்ணகிக்குரிய கல்லைக் கங்கையில் நீர்ப்படுத்திய சடங்கு, மாண்ட வீரரின் மைந்தர்களுக்குச் செய்த சிறப்பு என்று தேர்வுக்கு உதவும் விடை ஒன்றை நாம் சொல்லி வைத்தோம். அம்மாணவி தோப்புக்கொல்லை முகாமிலிருந்து வருகிறவள். முகாமிலேயே பிறந்தவள். அவளுடைய பாட்டி மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990-இல் படகேறி வந்தவர்.

மாலையில் கறம்பக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் கணக்கு தானாக மனத்தில் ஓடியது. இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கத் தொடங்கியது 1987 ஜூலை 30. கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியது 1990 மார்ச் 24. ஆறு நாள் குறைய முப்பத்திரண்டு மாதங்கள்.

இதைத் தற்செயல் என்றே கொள்க. காப்பியத்துக்குள் தீர்க்கதரிசனம் தேடும் பழக்கம் நமக்கு இல்லை. ஆனால் அம்மாணவியின் கேள்வி அதன்பின் நம்மை விடவில்லை. பிறர் நாட்டுக்குள் புகுந்த படை, வந்த வேலை முடிந்தோ முடியாமலோ, அங்கே தொடர்ந்து தங்கலாமா? இது ஈராக்கை முன்னிட்டு உலகெங்கும் கேட்கப்பட்டது. ஆப்கானிஸ்தானை முன்னிட்டு இருபது ஆண்டுகள் கேட்கப்பட்டது. தமிழர்களாகிய நாம் இதை அமெரிக்கரைப் பார்த்துக் கேட்பதில் மிகுந்த உற்சாகம் காட்டினோம். நம் படை பாக் நீரிணையின் அக்கரையில் தங்கியிருந்த காலத்தைப் பற்றியோ, அவரவர் கட்சிச் சார்புக்கு ஏற்ற பகுதியை மட்டும் எடுத்துப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

அது படையெடுப்பே அன்று, அழைப்பின் பேரில் சென்ற அமைதிப்படை என்று சொல்வோர் உண்டு. காகிதத்தில் அது சரி. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் இணைப்பில், தேவைப்பட்டால் இலங்கை அதிபர் இந்திய அமைதிகாக்கும் படையை அழைக்கலாம் என்று இருக்கிறது. அவர் அழைத்தார், நாம் போனோம். ஆனால் அதற்கு எட்டு வாரம் முன்பு, ஜூன் 4 அன்று, நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப்பொருட்களைப் போட்டபோது எவரும் அழைக்கவில்லை. கூடவே போர்விமானங்கள் காவலாகப் பறந்தன. அந்த நாளுக்குப் பிறகு ஜெயவர்த்தன விடுத்த அழைப்பை, கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வந்த விருந்தாளியின் மலர்ச்சியோடு ஒப்பிடலாம். கையெழுத்தான மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தது, அந்த அழைப்பைத் தெற்கு எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் காட்டியது.

தெற்கின் அந்தக் கோபத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. அதை நாம் மறந்தாலும் அவர்கள் மறக்கவில்லை. முதலாம் இராசராசனின் படை 993-ஐ ஒட்டி இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் அங்கே நல்ல நிலையில் நிற்கிறது, கல்வெட்டுகளோடு. 1070-இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றும்வரை ஏறத்தாழ எழுபத்தேழு ஆண்டுகள் அந்தப் படை தங்கியிருந்தது. நம் பாடநூல்கள் இதைக் கடல் கடந்த வெற்றி என்கின்றன. சூளவம்சமோ விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைச் சொல்கிறது. வென்றவன் வீட்டில் மெய்க்கீர்த்தியாக இருப்பது, தங்கப்பட்டவன் வீட்டில் வேறு வடிவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது என்பதை வரலாற்று மாணவர்களைக் காட்டிலும் படைத்தளபதிகள் அறிந்திருப்பது நல்லது.

ஆனால் 1987-இன் விந்தை தெற்கின் கோபத்தில் இல்லை, வடக்கின் வரவேற்பில் இருந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் நம் படையினருக்கு மாலையிட்டார்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மேடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதில்தான் தொடங்குகிறது. 1972-இல் வெளிவந்த அந்த நாவலின் முதல் பக்கங்களில் புதிய படையைக் காணச் சாலையோரம் கூட்டம் காத்து நிற்கிறது. வந்து சேரும் படையை வேடிக்கை பார்ப்பதிலிருந்து அதற்கு அஞ்சி ஒதுங்குவது வரையிலான தூரம் எவ்வளவு குறுகியது என்பதை, அந்நியப் படைகளின் கீழ் வாழ்ந்து பார்த்த சிங்கம்புணரிக்காரர் ஒருவர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். நம் வெளியுறவு அதிகாரிகளுக்கு நாவல் படிக்க நேரம் இருந்திராது.

எங்கள் தெருவில் ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். அந்த நாட்களில் பலாலியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவுப்பொருள் லாரி ஓட்டியவர். அவருக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. உரும்பிராய் அருகே சாலையோர வீடு ஒன்றில் ஓர் அம்மா தண்ணீர் கொடுப்பாராம். தமிழ்நாட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் தனிப் பரிவு. முதல் மாதத்தில் அந்த அம்மா, "எப்ப தம்பி போகப் போறீங்கள்? கெதியாப் போயிடாதையுங்கோ" என்றாராம். அக்டோபரில் சண்டை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒருநாள் அதே வீட்டு வாசலில் வண்டி பழுதாகி நின்றபோது தண்ணீர் வந்தது. அந்த அம்மா மறுபடியும், "எப்ப தம்பி போகப் போறீங்கள்?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டார் என்று நம்மிடம் சொல்லிவிட்டு, அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அந்த இரண்டு கேள்விகளுக்கு இடையில் நடந்தவை இரகசியமானவை அல்ல. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் திலீபன் உண்ணாநோன்பில் இறந்தார். அக்டோபர் 5 அன்று, இந்தியப் படையின் காவலும் இருந்த பலாலித் தளத்தில், கொழும்புக்குக் கொண்டுபோகப்பட இருந்த புலிகள் சயனைடு விழுங்கினர். குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் மாண்டனர். தொடர்ந்து கிழக்கில் சிங்களக் குடிமக்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரமே யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போர். பல்கலைக்கழக மைதானத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட முப்பது சீக்கிய வீரர்களில் ஒருவர் தவிர அனைவரும் கொல்லப்பட்டனர். எதற்காக அங்கே இறக்கப்பட்டோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அக்டோபர் 21 தீபாவளி. அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் மருத்துவர், செவிலியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்றனர். அந்த மாத இறுதிக்குள் நகரம் படையின் கையில் வந்துவிட்டது.

செங்குட்டுவனின் நாழிகைக் கணக்கு நமக்கு நினைவு வருவது இங்கேதான். வெற்றி என்று சொல்லத்தக்க ஒன்று இரண்டு மூன்று வாரங்களில் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த இருபத்தொன்பது மாதங்கள்தாம் நம் கேள்வி. ஈராக்கிலும் இதுவே நடந்தது. 2003 மார்ச் 20 அன்று தொடங்கிய படையெடுப்பு ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்ததில் முடிந்தது. வெளியேற 2011 டிசம்பர் ஆயிற்று.

இந்த மிச்ச மாதங்களில் தங்கும் படை என்ன செய்கிறது? வரும்போது அதற்கு ஒரு பணி இருந்தது. ஆயுதங்களை ஒப்படைக்கச் செய்வது, இரு தரப்பையும் விலக்கி வைப்பது. அப்பணி தோற்றபின், தன்னைக் காத்துக்கொள்வதே அதன் பணியாகிவிடுகிறது. சாலைத் தடை, சுற்றிவளைப்பு, தலையாட்டி, தேடுதல் எல்லாம் படையின் பாதுகாப்புக்காகவே. படை அங்கே இல்லாவிட்டால் அவற்றுக்குத் தேவையே இராது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ரோந்துப் பிரிவொன்றைப் புலிகள் தாக்கினர். அதற்குப் பழிவாங்கலாக அடுத்த இரு நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதை இந்தியாவின் மை லாய் என்று குறிப்பிட்டார். அந்தச் சிப்பாய்கள் பிறவிக் கொடியவர்கள் அல்லர். பஞ்சாபிலும் கர்வாலிலும் உழவு மாடு மேய்த்த பிள்ளைகள். மொழி தெரியாத ஊரில், எந்தப் பனைமரத்தின் பின்னிருந்து குண்டு வரும் என்று தெரியாமல் இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்டவர்கள். அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் தில்லியில் இருந்தார்கள். இதைச் சொல்வது மன்னிப்பதற்காக அன்று. மருத்துவமனைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இந்தியா இன்றுவரை ஒரு பொது விசாரணையும் நடத்தவில்லை.

சுமார் 1,200 இந்திய வீரர்கள் அந்த முப்பத்திரண்டு மாதங்களில் மாண்டார்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேசுவரன் தமிழர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்து மண்ணிலேயே இறந்தார். தமிழர் படையிலும் இறந்தார், தமிழர் படையாலும் இறந்தார். இதைக் கவிதையாக்க முயன்றவர்கள் பலர் தோற்றதை நாம் பார்த்திருக்கிறோம்.

தொல்காப்பியர் புறத்திணையை வகுத்த முறையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஆநிரை கவர வெட்சி உண்டு. மண்ணாசையால் மேற்செல்ல வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, எதிர்நின்று பொருதத் தும்பை, வென்றால் வாகை, நிலையாமை உணரக் காஞ்சி. பாசறையில் கூதிரும் வேனிலும் கழிவதையும் அவர் விடவில்லை. ஆனால் வென்ற பிறகு பிறர் ஊரில் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பதற்கு ஒரு தனித்திணை நம் இலக்கணத்தில் இல்லை. பாசறையில் இருப்பவனின் கண் வீட்டுப் பக்கமே இருக்கிறது. அதை முல்லையோடு சேர்த்தே பாடினார்கள். மண்ணைக் கொண்டு திறை பெற்றுத் திரும்புவதுதான் அன்றைய அரசியல், அதுவொன்றும் உயர்ந்த அறமன்று என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். அவர் சொல்வது சரியே. ஊரை எரித்துவிட்டுத் திரும்புவதையும் அதே பாடல்கள் புகழ்கின்றன. ஆயினும், தங்குவதைப் புகழ அவர்களிடம் சொல் இருக்கவில்லை என்பது நமக்கு ஏதோ உணர்த்துவதாகவே தோன்றுகிறது.

இனி, தங்கவேண்டும் என்போரின் வலுவான வாதத்துக்கு வருவோம். படை போனால் அங்கே இரத்த ஆறு ஓடும் என்பார்கள். இந்த வாதம் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் 1990-இல் அதுதான் நடந்தது.

1988 டிசம்பரில் வடகிழக்கு மாகாண அரசு ஒன்று வரதராசப் பெருமாளின் தலைமையில் அமைந்தது. இந்தியப் படை இருந்தவரை அது இருந்தது. படை வெளியேறும் நாள் நெருங்கியபோது, தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களைத் திரட்டினார்கள். திரட்டினார்கள் என்பது மென்மையான சொல். டியூஷனுக்குப் போன பிள்ளைகளைத் தெருவில் மறித்துப் பிடித்து, தலையை மழித்து, கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். சில வாரப் பயிற்சியோடு புலிகளின் முன் நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் செத்தார்கள். பெருமாளும் அவருடைய ஆட்களும் 1990 மார்ச்சில் இந்தியா வந்து சேர்ந்தார்கள். ஜூனில் அவர்களின் தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தவர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் சென்னைக் கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டனர். அதே மாதம் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான காவலர்களைப் புலிகள் கொன்றார்கள். இரண்டாம் ஈழப்போர் மூண்டது. அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேரளவில் தங்கள் வீடுகளிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இராமேசுவரம் கரையில் வந்திறங்கினர். அம்மாணவியின் பாட்டி அவர்களில் ஒருவர்.

இவ்வளவுக்குப் பிறகும், படை 1990-இல் வெளியேறியது சரியே என்பதுதான் நம் கருத்து. அது இன்னும் முன்னதாக வெளியேறியிருக்க வேண்டும். இரத்த ஆறு ஓடும் என்ற அச்சத்தால் ஓராண்டு கூடத் தங்கினால், அந்த ஓராண்டில் படையை நம்பிப் பிழைக்கும் இன்னொரு கூட்டம் உருவாகிறது. அவர்களுக்கு எதிரிகள் உருவாகிறார்கள். ஓராண்டு கழித்துக் கிளம்பும்போது ஓடவேண்டிய இரத்தத்தின் அளவு கூடியிருக்கிறது, குறையவில்லை. தேசிய இராணுவத்துக்குப் பிடிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளை 1987 டிசம்பரில் யாரும் பிடிக்கவில்லை. அன்றே படை திரும்பியிருந்தால் யாழ்ப்பாணம் புலிகள் கைக்குப் போயிருக்கும். 1990-இலும் அவர்கள் கைக்குத்தான் போயிற்று. இடையில் செத்தவர்களே மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. 1989-இல் புதிய அதிபராக வந்த பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை போகவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அழைத்தவனின் நாட்டிலேயே போ என்கிறார்கள். யாருக்காகப் போனோமோ அந்த மக்களும் போ என்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மட்டக்களப்பில் அன்னை பூபதி என்ற பத்துப் பிள்ளை பெற்ற தாய், போர் நிறுத்தம் கேட்டு ஒருமாதம் உண்ணாமலிருந்து இறந்திருந்தார். தெற்கே ஜே.வி.பி.யின் கிளர்ச்சி இந்திய எதிர்ப்பையே எரிபொருளாகக் கொண்டு எரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொன்னபோது நாம் காதில் வாங்கவில்லை. இந்தியப் படையை ஒழிக்கப் பிரேமதாசாவே புலிகளுக்கு ஆயுதம் கொடுக்கும் அளவுக்கு அபத்தம் முற்றிய பிறகும் தில்லி கௌரவம் பார்த்தது. தில்லியில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்த பிறகே கடைசிக் கப்பல் புறப்பட்டது.

இதே இந்தியா வேறு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 மார்ச்சில் நம் படை பிரியாவிடை அணிவகுப்போடு திரும்பிவிட்டது. மூன்று மாதம். முஜிபுர் ரகுமான் கேட்டார், இந்திரா ஒப்புக்கொண்டார். அங்கும் பிறகு படுகொலைகள் நடந்தன. முஜிபே 1975-இல் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். ஆனால் அதற்காக இந்தியா தங்கியிருக்க வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. 2003 ஜூலையில் ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது வாஜ்பாய் அரசு மறுத்தது. அந்த மறுப்புக்குள் யாழ்ப்பாணத்து நினைவும் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது நமக்கு ஓர் ஆறுதல்.

நம் வாதத்துக்கு முள்ளாக ஒரு நாடு இருக்கிறது, கம்போடியா. 1978 இறுதியில் வியட்நாம் படை உள்ளே புகுந்து போல் பாட்டின் கொலைக்களங்களை நிறுத்தியது. 1989 செப்டம்பர் வரை தங்கியது. அது சில மாதங்களில் திரும்பியிருந்தால் கெமர் ரூஜ் மீண்டும் வந்திருக்கும் என்பதை மறுப்பது கடினம். அங்கே தங்கியது தவறு என்று கறம்பக்குடியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல நமக்கு நா எழவில்லை. ஒரு மக்கள்கூட்டம் முழுவதையும் கொன்று தீர்க்கும் ஆட்சி வாசலில் காத்து நிற்கிறபோது கணக்கு வேறாகிறது போலும். ஆனால் தங்க விரும்பும் ஒவ்வொரு வல்லரசும் தன்னை வியட்நாமாகவும், எதிரியைப் போல் பாட்டாகவும் காட்டத்தான் செய்யும். ஜப்பானையும் ஜெர்மனியையும் எடுத்துக்காட்டுவோருக்கும் இது பொருந்தும். சரணடைந்த ஓர் அரசு, இயங்கிக்கொண்டிருந்த நிர்வாகம், அண்டையில் அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று, இவையெல்லாம் அங்கே இருந்தன. யாழ்ப்பாணத்தில் எதுவும் இல்லை.

ஆகவே போகவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நமக்கிருக்கும் சண்டை போகும் விதத்தோடு. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில், பறக்கத் தொடங்கிய விமானத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய மனிதர்களை உலகம் கண்டது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்த்தவர்களும் வழிகாட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தங்குவது குற்றம் என்பவர்கள், அப்படித் தங்கிய காலத்தில் நம்மை நம்பியவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 1990-இல் தமிழகத்தில் நாம் அதைச் சொல்லவில்லை. படை தமிழரைக் கொன்றது என்று கூறி அதை வரவேற்க முதல்வர் கருணாநிதி துறைமுகத்துக்குப் போகவில்லை. அவர் போகாததைச் சரி என்பவர்களும் தேசத்துரோகம் என்பவர்களும் இன்றுவரை சண்டையிடுகிறார்கள். அதே கப்பல்களிலும் படகுகளிலும் வந்த, புலிகளுக்குப் பிடிக்காத தமிழர்களை என்ன செய்தோம் என்று இரு தரப்பும் கேட்டதில்லை. இலங்கைத் தமிழர்க்கான முகாம்கள் தமிழகத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லை, அழியாநிலை, லெணா விளக்கு என்று இருக்கின்றன. தமிழகத்துக்கு வெளியே ஒரு முகாம் ஒடிசாவில் எதற்கு வந்தது என்று நம் பேராசிரிய நண்பர்களிடம் கேட்டால் விழிக்கிறார்கள். மாற்றுக் கருத்துடைய தமிழரை வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் இடமில்லாமல் போனது.

தமிழ்த் தேசிய இராணுவத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த முகாமும் இல்லை. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்துத் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தியப் படை, புலிகள், ஏனைய இயக்கங்கள் என்று எல்லோரின் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுத முயன்றவர்கள் அவர்கள். படை தங்கியிருந்தபோதுதான் அவர் கொல்லப்பட்டார் என்பதையும், படை இருந்தால்தான் பாதுகாப்பு என்போர் குறித்துக்கொள்ளலாம்.

நீர்ப்படைக் காதைக்குத் திரும்புவோம். போருக்குப் பின் என்ன நடந்தது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிடித்துவந்த கனகவிசயரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டிவர ஆள் அனுப்புகிறான். அவர்கள் மெச்சவில்லை. தவவேடம் பூண்டு தப்பியோடியவர்களைப் பிடிப்பதும் ஒரு வெற்றியா என்பதுபோல் பேசி அனுப்புகிறார்கள். செங்குட்டுவன் சினக்கிறான், மாடலன் என்ற மறையவன் அச்சினத்தைத் தணித்துக் கைதிகளை விடுவிக்கச் செய்கிறான். பத்தினிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகுவும் வருகிறான், விருந்தினனாக. நம் படைக்குக் கொழும்புக்கு அருகே இலங்கை அரசு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறது. 2015-இல் நம் பிரதமர் அங்கே மலர்வளையம் வைத்தார். போகச் சொன்ன நாடு அது.

எங்கள் தெரு முன்னாள் படைவீரரிடம் இவற்றையெல்லாம் பேசியதில்லை. ஒருநாள் அவரே வந்து, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் போகிறதாமே, உண்மையா என்று கேட்டார். 2019-இல் தொடங்கியது, இடையில் கொரோனாவால் நின்று 2022 டிசம்பரில் மறுபடி போகிறது என்றோம். அவர் இறங்கிய அதே ஓடுதளம்தான். எவ்வளவு ஆகும் என்று கேட்டார், தோராயமாகச் சொன்னோம். பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமே என்றார். முதல் தடவை போனபோது அது தேவைப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.